தாய்மாமனை மீட்ட ரம்பம்

“மாமா, தாப்பா அசைய மாட்டேங்குது.”

பாத்ரூமுக்குள்ளிருந்து மச்சான் செந்தமிழ்செல்வனின் குரல் வந்தபோது அருள்முருகன் பட்டுவேட்டிக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான். சிதம்பரத்தில் மண்டபம் தயார். மாமியார் ரத்தினம்மாள் குழந்தையோடு முதல் நாளே போய்விட்டார். காது குத்துகிற பத்தரும் வந்துவிட்டார். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் மட்டும் இன்னும் கடலூரில், இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்தான். மனைவி பவானிக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருவன்தான்.

“இன்னாங்க, நல்ல நேரம் தாண்டிட்டா நம்ம மானமே பூடும்,” என்று சொல்லிவிட்டு, பவானி சீர்த்தட்டுகளை காரில் ஏற்றப் போனாள்.

அருள்முருகன் கைப்பிடியை வேகமாக இழுத்தான். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. இடுக்கில் தேங்காயெண்ணெய் ஊற்றினான்.

“ஊறட்டும் மாமா. இல்லன்னா ஆசாரிய கூப்புடுங்க.”

“ஆசாரி எதுக்கு? மிஷின் ரம்பம் என்னாத்துக்கு வாங்கி வெச்சிருக்கேன்?”

புயலில் விழுந்த முருங்கையை வெட்ட வாங்கியது. அது வந்து சேர்வதற்குள் நகராட்சிக்காரர்கள் மரத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வாங்கிக்கொண்டதைத் தவிர அந்த ரம்பம் இதுவரை ஒரு வேலையும் செய்ததில்லை. பரணிலிருந்து இறக்கி, நீளமான ஒயரைச் சொருகி, கூடத்திலேயே ஓட்டிப் பார்த்தான். கத்தி முன்னும் பின்னும் பாய்ந்ததில் அவனுக்கே பெருமை தாங்கவில்லை. ஓட்டியபடியே பாத்ரூமை நோக்கி நடந்தான்.

“மாமா, வேணாம். அந்த மிஷின் மட்டும் வேணாம்,” என்றது உள்ளே குரல்.

“சங்கடப்படாத மச்சான். நமக்குள்ள என்னா? தள்ளி நில்லு.”

கதவிடுக்கில் கத்தியை நுழைத்தான். மரம் அறுக்கிற பெரிய பல் இரும்புத் தாழ்ப்பாளைக் கவ்வியது. மிஷின் அவனையே தூக்கி உதறியது. கத்தி சறுக்கி நிலையை ஒட்டிப் போன பைப்பில் இறங்கியது.

“மாமா, தண்ணி.”

தண்ணீர் கதவுக்கு அடியில் வழிந்து தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நோக்கி வந்தது. அருள்முருகன் ஓடிப்போய் மெயினை அணைத்தான், டேங்க் வால்வை மூடினான். ஊருக்கு முன்னால் மானம் போவது இருக்கட்டும், பவானிக்கு இருக்கிற ஒரே தம்பியைக் கொல்லப் பார்த்தோமே என்று அழுகையே வந்தது.

போன் அடித்தது. “மாப்ள, பத்தரு அடுத்த வூட்டுக்குப் போவணும்ங்கறாரு,” என்றார் ரத்தினம்மாள்.

பவானி தரையைத் துடைத்து, பாக்ஸை நாற்காலிமேல் வைத்தாள். மிஷின் வாங்கியபோது பாதியில் விட்ட செய்முறை வீடியோவை அருள்முருகன் இந்த முறை போனில் கடைசிவரை பார்த்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரும்பறுக்கும் பொடிப்பல் கத்தியை மாட்டினான். கண்ணுக்குக் கண்ணாடி போட்டான். வேட்டியை அவிழ்த்துவிட்டு பேண்டுக்கு மாறினான். மெயினைப் போட்டு, பிளக்கைச் சொருகி, மிஷினின் முன்தகட்டை நிலையோடு அழுத்திப் பிடித்து, மெதுவாக ஓட்டினான். தாழ்ப்பாள் சமர்த்தாக இரண்டாகி விழுந்தது.

சொட்டச் சொட்ட வெளியே வந்த மச்சான் நடுங்கிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டான். அந்த நன்றியைப் பார்த்து அருள்முருகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நல்ல நேரம் முடிவதற்குள் சிதம்பரம் போய்ச் சேர்ந்தார்கள். குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து, ஒரு அழுகை அழுது, லட்டைப் பார்த்ததும் ஓய்ந்தது. பவானி சிரித்தாள். அருள்முருகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பந்தியில் எல்லோரிடமும் ரம்பத்தின் பெருமையை இரண்டு சுற்றுச் சொல்லி முடித்தான்.

“நீயே சொல்லு மச்சான், அது மட்டும் இல்லன்னா இன்னா ஆயிருக்கும்?”

செந்தமிழ்செல்வன் இலையைப் பார்த்தபடி சொன்னான்: “நீங்க மிஷின எடுக்கப் போனப்பவே எண்ணெ ஊறி தாப்பா தொறந்துக்கிச்சு மாமா. எட்டிப் பாத்தேன், நீங்க அத ஓட்டிக்கிட்டே வந்தீங்க, பயத்துல நான்தான் மறுபடியும் இறுக்கிப் போட்டுக்கிட்டேன்.”