ஆதாரம் சாரும் பறக்கும் தட்டும்

கடவுளே நேரில் வந்து நின்றாலும், "ரேஷன் கார்டு இருக்கா?" என்று கேட்டிருக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஆதாரம் சார்தான். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள், அஸ்தினாபுரத்தில் அவர் வீட்டு மாடி போர்ஷனில் குடியிருந்தேன். எதைச் சொன்னாலும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஆதாரம் இருக்கா?" என்பார். ஏதோ ஒரு அரசாங்க ஆபீஸில் ஆடிட் பிரிவிலிருந்து ரிடையர் ஆனவர். பெற்றோர் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

எதிர்வீட்டுக்காரர் தன் மாமனார் தவறிவிட்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோதும் சாரின் வாய் சும்மா இருக்கவில்லை. அந்த மனிதர் கோபத்தில் ஊருக்கு போன் போட்டார். எடுத்தவர் மாமனார். தவறியது பக்கத்து வீட்டுப் பெரியவராம். அன்றிலிருந்து சாரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அவருடைய பரம எதிரி பறக்கும் தட்டு. பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய இங்கிலீஷ் பத்திரிகைகளைப் படித்து, உலகத்தில் கிளம்பிய பறக்கும் தட்டுப் புரளி அத்தனையையும் கரைத்துக் குடித்திருந்தார். "ஒருத்தன் கார் சக்கர மூடியை வீசி போட்டோ எடுத்தான், ஊரே நம்புச்சு. ரெண்டு பேர் பலகையும் கயிறும் வச்சு கோதுமை வயலை மிதிச்சு வட்டம் போட்டாங்க. வேற கிரகத்துக்காரன் வேலைன்னு பெரிய பெரிய ஆளெல்லாம் எழுதினாங்க. மொத்தமும் டூப்பு!" தண்ணீர் மோட்டார் போடச் சொல்லப் போனாலும் இதைக் கேட்டுவிட்டுத்தான் மாடி ஏற முடியும்.

அப்போதுதான், பக்கத்து ஏரிக்கு மேலே ஏதோ மினுங்கியதாகத் தெருவில் பேச்சுக் கிளம்பியது. சார் கொதித்துப்போனார்.

"வாயால சொன்னா இவங்களுக்கு ஏறாது. நாமளே ஒரு தட்டு விடுவோம். நல்லா நம்பட்டும். அப்புறம் நம்ம குடியிருப்போர் சங்கக் கூட்டத்துல நான் உடைக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரைக்குப் போனோம். வீட்டுச் சமையலறையிலிருந்து அவர் சுட்டுக்கொண்டு வந்த எவர்சில்வர் தாம்பாளம், அதன் மேல் டேப் போட்டு ஒட்டிய கிண்ணம். அவர் வீச, நான் கேமராவில் படம் எடுத்தேன். திடீரென்று ஒரு காற்று வந்து தாம்பாளத்தைத் தூக்கியது. வெயிலில் பளபளத்தபடி அது கோரைப்புல்லுக்குள் போய் விழுந்தது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. போட்டோ மட்டும் பிரமாதமாக வந்திருந்தது. கூட இருந்து எடுத்த எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

சங்கத்து நோட்டீஸ் போர்டில் அதைக் குத்தியதோடு சரி. ஏரிக்கரையில் கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தைப் பார்த்து பஜ்ஜிக் கடை வந்தது. பஜ்ஜிக் கடையைப் பார்த்து இன்னும் கூட்டம் வந்தது.

சங்கக் கூட்டத்தன்று சார் எழுந்து, "அது எங்க வீட்டுத் தாம்பாளம். வீசினது நான்" என்றார். கைதட்டலை எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"சார், உங்களை யாராவது மிரட்டினாங்களா?" என்றார் செயலாளர், மிகுந்த கரிசனத்தோடு.

"தாம்பாளம்னா கொண்டாந்து காட்டுங்க!" என்றார் எதிர்வீட்டுக்காரர். மாமனார் விஷயத்தை அவர் மறக்கவில்லை.

காட்டத்தான் தாம்பாளம் இல்லையே. வீசினது அவர் என்பதை மட்டும் நம்பினார்கள், தாம்பாளம் என்பதை நம்பவில்லை. விமானம் இறங்கும் பாதையில் இவர் என்னத்தையோ பறக்கவிடுகிறார் என்று எவரோ போலீசுக்கு மனு எழுதிப் போட்டுவிட்டார்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம் சார். ஆனா ஏர்போர்ட் சமாச்சாரம். நாளைக்குள்ள அந்தப் பொருளைக் கொண்டாங்க. இல்லேன்னா கேஸ் போட்டு நான் மேல அனுப்பியாகணும்."

ஒரு நாள் லீவுகூடக் கூடுதலாக எடுக்காத மனுஷர். கேஸ் என்றதும் முகத்தில் ரத்தமே இல்லை. வீட்டில் மனைவி மங்களம் ஆன்ட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பென்ஷனை நிறுத்திவிடுவார்களா என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நிறுத்த மாட்டார்கள் சார் என்று சொன்னேன். அப்போது மட்டும் அவர் ஆதாரம் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஏரிச் சேற்றில் இறங்கினோம். முழங்கால் வரை சேறு, கையெல்லாம் கோரைப்புல் கீறல். கோவளத்திலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவந்து எங்கள் பக்கம் விற்கும் அஞ்சலை அக்கா கரையில் நின்று பார்த்தார்.

"இன்னா சார், காலங்காத்தால ஏரியில இன்னா தேடிக்கினு கீறே?"

சார் நிமிர்ந்தார். அக்கா தலையிலிருந்த கூடையின் மேல், மூடியாக, கிண்ணம் மட்டும் கழன்றுபோன எங்கள் பறக்கும் தட்டு.

"அது என்னுது!" என்று சேற்றோடு கரையேறி ஓடினார்.

"இன்னாது, உன்னுதா? இங்க சும்மா கெடந்துச்சு, எடுத்தேன். உன்னுதுன்னு இன்னா ஆதாரம்?"

சார் சேற்றுக் கையால் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டேன்.

"பின்னால பாரும்மா" என்றார் கெஞ்சலாக. "கடையில பேர் வெட்டியிருக்கும்."

அக்கா கூடையை இறக்கினார். தாம்பாளத்தைத் திருப்பி, செதிலைத் துடைத்துவிட்டு எழுத்துக் கூட்டினார். "மங்களத்துக்கு... அப்பா... அன்பளிப்பு." பிறகு சாரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பன் குடுத்த சீர்த் தட்டா? அத்தப் போயா நீ தூக்கி வானத்துல வுட்டே? நல்ல ஆளு சார் நீ! இந்தா, புடி."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் போட்டோவையும் தாம்பாளத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். டேப் ஒட்டிய தடம் அப்படியே இருந்தது. பெயரைப் படித்தார். முகர்ந்தும் பார்த்தார். "என்ன சார், வேற கிரகத்துலயும் வஞ்சிரம் கிடைக்குதா?" ஸ்டேஷனே சிரித்தது. "கேஸெல்லாம் ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போங்க" என்றார். சார் எழுந்து அவரைக் கும்பிட்டார். படி இறங்கும்போது நான் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டேன். அவர் கை சில்லென்று இருந்தது.

வீட்டு வாசலில் ஆன்ட்டி நின்றிருந்தார். விஷயம் எப்படியோ எங்களுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது. சார் தலையைக் குனிந்துகொண்டு தாம்பாளத்தை நீட்டினார். முட்டைகூட நுழையாத வீடு. ஆன்ட்டி அதை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு, "என்கிட்ட சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேன்ல? நேத்துலேருந்து சாப்பிடல, வாங்க" என்றார்.

உள்ளே சார் ரசம் கேட்கும் சத்தம் மாடி வரை வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதுவரை அவரை வீட்டு ஓனர் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைக்கத் துடைக்கத் தண்ணீர் வந்தபோதுதான், அந்த மனுஷர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று தெரிந்தது.