தாய்மாமன் மடியும் மொட்டை மாடியும்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி சுந்தரமூர்த்தி அவர்களுக்கு,

ஆம்பூர் ராமமூர்த்தி பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத் தொடங்கி, அது உண்மைதானா என்று வீட்டுக்குள் ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்: நலமே. ஜோலார்பேட்டையில் தாங்களும், மாப்பிள்ளை இன்பராஜும், என் மகள் சௌந்தர்யாவும், பேத்தியும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். தாங்கள் ரயில்வேயில் இருந்தவர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அதைக் கேட்டதும் எனக்கு ‘சரிங்க சம்பந்தி’ என்பதைத் தவிர வேறு வார்த்தை வருவதில்லை.

விஷயம் பேத்தியின் காதுகுத்து. தாய்மாமன் என்ற முறையில் என் மகன் பிரேம்நாத்தின் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். ஆனால் சென்ற வாரம் தாங்கள் போனில் சொன்னது: “சீர்த்தட்டு கம்மியா இருந்தாலும் பரவால்ல சம்பந்தி. மொட்டை மாடியில நம்ம பங்காளிங்களுக்குச் சரக்கு தாய்மாமன்தான் ஏற்பாடு பண்ணணும். வாங்கி, ஊத்தி, கூட உக்காந்து அவனும் ஒரு வாய் குடிச்சாதான் மரியாதை. முடியலன்னா சொல்லுங்க, குழந்தைக்கு வேற மாமன் மடி பாத்துக்கறோம்.” நானும் ‘சரிங்க சம்பந்தி’ என்றுவிட்டேன். பிரேம்நாத் குடியை விடுவதற்காக மறுவாழ்வு மையத்தில் இருந்து திரும்பி ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பது தங்களுக்குத் தெரியும். தெரிந்தே சொன்னீர்களா, மறந்து சொன்னீர்களா என்று இன்னும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

அவன் வந்ததிலிருந்து நாங்கள் படும் பாட்டைக் கேட்டால் தங்களுக்கே மனம் இரங்கும். மையத்து ஆலோசகர் கிறிஸ்டினா அம்மா, “இது நோய் சார், கெட்ட குணம் இல்ல. வேவு பாக்காதீங்க, கூட இருங்க” என்றார். கூட இருப்பதற்கும் வேவு பார்ப்பதற்கும் எல்லை எது என்று கேட்கத் துணிவில்லாததால் இரண்டையும் செய்தேன். மாலையில் அவன் ஷூ கம்பெனியிலிருந்து வந்ததும் பக்கத்தில் போய் முகர்ந்து பார்ப்பேன். தோல் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்திலேயே காலம் கழித்த எனக்கு மூக்கு என்பது கண்ணாடி மாட்ட மட்டுமே உதவும். வாசனை வரவில்லை என்றால் அவன் குடிக்கவில்லையா, என் மூக்கு வேலை செய்யவில்லையா? கருவி பழுதென்றால் முடிவை நம்பக்கூடாதல்லவா? அதனால் பக்கத்து வீட்டு மஹபூப் பாஷாவை, பேப்பர் கேட்க வருவதுபோல வரச் சொன்னேன். அவரோ பிரேம்நாத் முகத்தருகே குனிந்து, அவன் எதிரிலேயே, “சார், மசால் வடை. வெங்காயம் ஜாஸ்தி” என்று அறிக்கை கொடுத்துவிட்டார். “பாய், நாளைக்கு வேற சாப்ட்டு வர்றேன், கண்டுபிடிங்க பாப்போம்” என்றான் இவன். பசி, கோபம், தனிமை, அசதி, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் கூடவே குடிக்கும் ஆசையும் வரலாம், கவனமாக இருக்க வேண்டும் என்றும் கிறிஸ்டினா அம்மா சொல்லியிருந்தார். ஆகவே அவன் பெருமூச்சு விட்டால் போதும், ஓடிப்போய், “பசியாப்பா? கோபமா? தனியா இருக்கியா? அசதியா?” என்று வரிசையாகக் கேட்பேன். ஒரு நாள், “இவ்ளோ நேரம் நல்லாதான்பா இருந்தேன். இப்பதான் கோபம் வருது” என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிட்டான். நான் மறைந்து மறைந்து பின்னாலேயே போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் திரும்பிப் பார்க்காமலே, “அந்த போஸ்ட்டுக்குப் பின்னாடி நீங்க பாதிதான் மறையறீங்க. வாங்க, எளநி குடிக்கலாம்” என்றான்.

ஊர் இதைவிட வேடிக்கை. அவன் குடித்துவிட்டுச் சாக்கடை ஓரம் கிடந்தபோது, ‘கம்பெனி டென்ஷன் சார், தங்கமான பையன்’ என்றவர்கள், இப்போது கல்யாண வீட்டில் அவன் கையில் மோர் தம்ளரைப் பார்த்து, ‘இன்னா, உடம்புக்கு முடியலையா?’ என்று துக்கம் விசாரிக்கிறார்கள். பீர் குடித்தால் குடித்ததாக ஆகாது, அது வெறும் பார்லித் தண்ணீர் என்று ஒருவர் வைத்தியமே சொன்னார். குடிப்பதற்கு நம் ஜனங்கள் ஒரு காரணமும் கேட்பதில்லை. குடிக்காமல் இருக்கத்தான் டாக்டர் சர்டிபிகேட் கேட்கிறார்கள். இதைத் தங்களைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. இல்லை, வேண்டாம்.

இப்போது என் உண்மையான பயத்துக்கு வருகிறேன். சில வாரங்களாக மாலையில் அவனுக்கு ஒரு போன் வருகிறது. துணி காயப்போடும் இடத்துக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசுகிறான். “இன்னிக்கு வேணாம். நாளைக்குப் பாக்கலாம்” என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன், மூக்குதான் பழுது, காது இல்லை. பழைய தோஸ்த் எவனோ குடிக்கக் கூப்பிடுகிறான், இவனும் நாள் தள்ளுகிறானே தவிர மறுக்கவில்லை. ஆகவே தங்களுக்கு இரண்டு வேண்டுகோள். மாடி ஏற்பாட்டிலிருந்து மட்டும் அவனை விடுவியுங்கள். குழந்தை அவன் மடியிலேயே உட்காரட்டும். அடுத்து, மாப்பிள்ளை இன்பராஜை ஒருமுறை இங்கே அனுப்பிவையுங்கள். “எங்க வீட்ல முறைக்குத்தான் குடிப்போம், பழக்கத்துக்குக் குடிக்கறதில்ல” என்று தாங்கள் பெருமையாகச் சொல்வீர்களே, அப்படி வளர்ந்த பிள்ளை நாலு வார்த்தை புத்தி சொன்னால் இவன் கேட்பான். மேலே எழுதியதில் எதுவும் அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடவும்.

சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் அன்பு. பேத்திக்குத் தாத்தாவின் ஆசிகள்; ஊசி குத்துவது தெரியாமல் ஆசாரி குத்திவிட்டுப் போகட்டும்.

தங்கள் பணிவுள்ள,
ராமமூர்த்தி

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், வாசலில் மாப்பிள்ளை நிற்கிறார். கடிதம் போகுமுன்பே அனுப்பிவிட்டீர்களே என்று மகிழ்ந்து காபி கொடுத்தேன். அவரால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பாதிக் காபி சட்டையில். இதற்கு எனக்கு மூக்கு தேவைப்படவில்லை. மாலையில் வந்த போன் அவருடையதாம். ‘இன்னிக்கு வேணாம், நாளைக்குப் பாக்கலாம்’ என்பது கிறிஸ்டினா அம்மா பிரேம்நாத்துக்குக் கற்றுக்கொடுத்து, அவன் இவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடமாம். ஆசை வரும்போது அப்படித் தள்ளிவைத்து, நாளை வந்ததும் அதையே சொல்ல வேண்டுமாம். மாப்பிள்ளை நேற்றிலிருந்து தானாகவே ஒரேயடியாக நிறுத்தியிருக்கிறார். “தினம் குடிச்சிட்டு திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது மாமா. மொதல்ல டாக்டர், அப்புறம்தான் மத்ததெல்லாம்” என்று அவரிடம் சொல்லிவிட்டு பிரேம்நாத் ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறான். சௌந்தர்யாதான் ரயில் ஏற்றிவிட்டாளாம். தங்களிடம் சொல்ல அவர்கள் இருவருக்கும் தைரியம் இல்லையாம். “நீங்களே எழுதிடுங்க மாமா” என்கிறார் மாப்பிள்ளை. தைரியத்துக்கு ஆள் தேடி என்னைப் பிடித்திருக்கிறார், பாருங்கள். எழுதிவிட்டேன். ஆகவே என் வேண்டுகோள் இரண்டும் ரத்து. மொட்டை மாடியைப் பூட்டிவிடுங்கள். கேட்கவில்லை, சொல்கிறேன். மடியைப் பற்றி மாப்பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “குழந்தைய மச்சான் மடியிலயே உக்கார வைக்கச் சொல்லுங்க மாமா. எங்க வீட்ல எல்லார் கையும் ஆடும். அவன் மடி ஆடாது.”