அந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடாதே

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் வீட்டுக்காரியும் உன் மகளும் ஆண்டவன் கருணையால் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும், உன் கப்பலும், கப்பலில் உள்ள எல்லாரும், முக்கியமாக நீ பார்த்துக்கொள்ளும் அந்த எஞ்சினும் நலமாக இருக்க தினமும் காலையில் ஐந்து நிமிடம் வேண்டிக்கொள்கிறேன். கடல் கொந்தளிப்பு என்று செய்தியில் சொன்னால் பத்து நிமிடம். நிற்க.

கவரைப் பிரித்ததும் உன் மடியில் ஒரு ஸ்கூல் ஃபாரம் விழுந்திருக்கும். எட்டுப் பக்கம். அம்மா, அப்பா இரண்டு பேரும் பேனாவால் கையெழுத்துப் போட்டால்தான் மைனாவை ஒண்ணாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களாம். உன் வீட்டுக்காரி போட்டுவிட்டாள். ஆஸ்பத்திரி லேபுக்குக் கிளம்புகிற அவசரத்தில், "அண்ணி, இதை இன்னைக்கே அவருக்குத் தபால்ல சேர்த்துடுங்க, மாசக் கடைசிக்குள்ள திரும்பி வரணும்" என்று என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். சேர்க்கிறேன். சேர்க்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூடவே இந்தக் கடிதத்தையும் சேர்க்கிறேன். நீ கையெழுத்துப் போடாதே. ஃபோன்ல சொல்லலாமேன்னு கேப்ப. ஞாயித்துக்கிழமை நீ கூப்பிட்டா அவ ஸ்பீக்கரைப் போட்டு மேசை நடுவுல வச்சுடறா. அதுல நான் "சாப்பிட்டியா"ங்கிறதுக்கு மேல என்னத்தப் பேச?

விஷயத்தை முதல்லேர்ந்து சொல்றேன். மொத்தம் மூணு ஸ்கூல் பார்த்தோம். முதல் ஸ்கூல் பெருசு, தரை முகம் பாக்கிற மாதிரி இருந்துச்சு. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா சிரிச்ச முகமா, "எங்களுக்கு எல்லாக் குழந்தைங்களும் ஒண்ணுதான்"னு ஆரம்பிச்சாங்க, அந்த நேரம் பார்த்து பெல் அடிச்சது பாரு, தீயணைப்பு வண்டி மாடியேறி வந்துருச்சோன்னு நானே எந்திரிச்சுட்டேன். மைனா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு அந்தம்மா மேசைக்கு அடியில போயிட்டா. தனியா விட முடியுமா? என் மூட்டு வலியோட நானும் போயிட்டேன். மேலேர்ந்து அந்தம்மா, "பாப்பாவுக்கு என்ன பிடிக்கும்?"னு கேட்டாங்க. கீழேர்ந்து நான், "அமைதி பிடிக்கும்"னேன். வகுப்புல நாப்பத்திரெண்டு பிள்ளைங்க, ஒரே டீச்சர். இவளைக் கவனிக்கத் தனியா ஆள் உண்டான்னு உன் வீட்டுக்காரி கேட்டதுக்கு, "வேணும்னா நீங்களே ஒரு ஆளை அனுப்புங்க, வராந்தாவுல உக்காரட்டும்"னு பதில். நான் மேசைக்கடியிலேர்ந்து கையைத் தூக்கினேன். "அண்ணி, சும்மா இருங்க"ன்னுட்டா. அப்பவே அந்த இடத்தை முடிச்சிருக்கலாம். வராந்தாவுல காத்தும் நல்லா வந்துச்சு.

ரெண்டாவது ஸ்கூல்ல டை கட்டின ஒரு மனுஷன். "ஆறே மாசம், சரி பண்ணிடுவோம்"னாரு. ஜன்னல் பட்டி வழியா வெயில் கோடு கோடா விழுந்துச்சா, மைனா அதைப் பார்த்துக் கையை உதறி உதறி ஆடிட்டிருந்தா. "எதைச் சரி பண்ணுவீங்க?"ன்னு உன் வீட்டுக்காரி கேட்டா. "இதோ, இப்படிக் கையை ஆட்டுறதைத்தான்"னாரு. "அவ சந்தோஷமா இருக்கா சார். அதையா சரி பண்ணப் போறீங்க?"ன்னு சொல்லிட்டு அவ பையை எடுத்துட்டா. பொய் சொல்லக் கூடாது, அன்னைக்கு அவளை அப்படியே கட்டிப்பிடிச்சிருப்பேன். பஸ் வந்துருச்சு.

மூணாவதுதான் இந்த ஸ்கூல். சின்னக் கட்டடம், கேட்டு கிறீச்சுங்குது, படிக்கட்டுல ஒரு படி ஒசரம் கூட, சுவத்துல பெயின்ட் வெளிறிப்போச்சு. இதெல்லாம் குறிச்சுக்கோ. வகுப்புக்குப் பத்தே பிள்ளைங்க, ரெண்டு டீச்சர், உதவிக்கு ஒரு அம்மா. பெல்லு கிடையாது, லைட்டை ரெண்டு தடவை அணைச்சுப் போட்டா அடுத்த பாடம்னு அர்த்தம். இன்னைக்கு என்னென்ன நடக்கும்னு வரிசையாப் படம் போட்டு ஒட்டியிருக்கு. மூலையில துணியால ஒரு கூடாரம், சத்தம் தாங்காத பிள்ளை போய் உக்காந்துக்கலாம், ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. நானும் நல்லாயில்லைன்னு சொல்லலை.

டீச்சர்தான் பிரச்சினை. சின்ன வயசு. முன்னாடி ஏழு பை வச்ச ஒரு ஏப்ரன், ஒவ்வொரு பையிலயும் படம் வரைஞ்ச அட்டை. நான் பைக்காரின்னுதான் சொல்றேன், பேரு எனக்கு வேண்டாம். ஒரு வார்த்தை பேசிட்டு, மனசுக்குள்ள பத்து எண்ற வரைக்கும் வாயே திறக்க மாட்டாளாம், பிள்ளைக்கு யோசிக்க நேரம் வேணுமாம். அந்தப் பத்து எண்ற நேரத்துல நான் மூணு விஷயம் சொல்லி முடிச்சு நாலாவதுக்குப் போயிருப்பேன். இதுக்குச் சம்பளம் வேற.

அங்க போய்ச் சேர்ந்த கால் மணி நேரத்துக்குள்ள நடந்ததைக் கேளு. பைக்காரி தரையில உக்காந்து ரெண்டு அட்டையை வச்சா. மைனா சுத்திச் சுத்தி வந்தா. அப்புறம் தம்ளர் படம் போட்ட அட்டையை எடுத்து, என்கிட்ட இல்லடா, அவ கையில குடுத்தா. அவளும் உடனே தண்ணி குடுத்தா. உன் வீட்டுக்காரி அழுதுட்டா. எனக்கு வயிறு எரிஞ்சுது. தம்பி, நாலு வருஷம்! டாக்டர் ஆட்டிசம்னு சொன்ன நாளேர்ந்து நீ கப்பல்ல, அவ லேபுல, பகல் பூரா நான்தான். அவ கீழ் உதட்டைத் தொட்டா தாகம், வலது காலைத் தேய்ச்சா பாத்ரூம், கதவைப் பாக்காம ஜன்னலைப் பார்த்தா கோபம். உதட்டுக்குக் கை போறதுக்குள்ள தம்ளரை நீட்டிருவேன். பேசாத பிள்ளைக்கு மைனான்னு பேரு வச்சுட்டு நீ கப்பலேறிட்ட, அவ பேசாததையெல்லாம் கேட்டது நான். இதை அந்தப் பைக்காரிகிட்ட எடுத்துச் சொன்னேன். அவ பத்து எண்ணிட்டு, "ரொம்ப அழகாப் புரிஞ்சு வச்சிருக்கீங்கம்மா. அதான் அவளுக்குக் கேக்க வேண்டிய அவசியமே வரலை"ன்னா. இது பாராட்டா, குத்தலா? மூணு நாளா உருட்டி உருட்டிப் பாக்கிறேன், பிடிபடலை.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், திட்டாதே, சாமிகிட்ட ஏற்கெனவே சொல்லிட்டேன். ஃபாரத்துல ஆறாம் பக்கத்தைப் பாரு. "பிள்ளை அழுதால் எது அமைதிப்படுத்தும்?"னு கேட்டிருக்கான். "இது உங்களுக்குத்தான் அண்ணி தெரியும், நீங்களே எழுதுங்க"ன்னு உன் வீட்டுக்காரி பேனாவைக் குடுத்தா. உனக்கே தெரியும், அவ அழ ஆரம்பிச்சா வீடே ரெண்டாகும். ஆரம்பத்துல நான் சாமி பாட்டுப் பாடிப் பார்த்தேன், கூரை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி கத்தினா. ஒருநாள் தற்செயலா வாஷிங் மெஷின் கடைசிச் சுத்துக்கு வந்துச்சு, கப்சிப். அதுலேர்ந்து முதுகுல உள்ளங்கையை அழுத்தி வச்சு, நானே மெஷின் மாதிரி "ட்ர்ர்ர்ர்"னு இழுத்து, கடைசியில "டக்"னு நிறுத்துவேன். அடங்கிடுவா. என் பாட்டுக்கு அழுதவ மெஷினுக்கு அடங்கினதுல எனக்கே மனத்தாங்கல், சாமிக்கு எப்படி இருந்திருக்கும்? சரி, அதை எழுதணுமா வேண்டாமா? பேனாவைப் பிடிச்சுட்டே உக்காந்திருந்தேன். இதையும் எழுதிக் குடுத்துட்டா அப்புறம் என்கிட்ட என்ன இருக்குன்னு தோணிச்சு. "தெரியாது"ன்னு எழுதிட்டேன்.

அடுத்த நாள் ஃபாரத்தை வாங்கிப் படிச்சுத் திருப்பிக் குடுத்துட்டு, மைனாவை ரெண்டு மணி நேரம் தனியா உள்ள விட்டுப் பார்த்தாங்க. நான் வெளிய பெஞ்சுல. பக்கத்து ரூம்ல யாரோ மரக்கட்டை டப்பாவைக் கவுத்துட்டான், படபடன்னு சத்தம், மைனா அழ ஆரம்பிச்சுட்டா. நான் பெஞ்சை விட்டு எந்திரிச்சுட்டேன். ஆனா உள்ளுக்குள்ள ஒரு ஓரத்துல, பார்த்தியா, நான் இல்லாம முடியாதுல்லன்னு ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்துச்சு தம்பி. அதை நினைச்சா எனக்கே என்மேல பயமா இருக்கு. உதவிக்கு இருக்கிற அம்மா ஓடி வந்து, "ஆறாம் பக்கத்துல தெரியாதுன்னு போட்டிருக்கீங்களே, ஏதாவது ஞாபகம் வருதா?"ன்னாங்க. சொல்லத்தான் போனேன். சத்தியமா வாயைத் திறந்துட்டேன். அதுக்குள்ள உள்ள அழுகை நின்னுபோச்சு.

எட்டிப் பார்த்தேன். பைக்காரி தரையில மல்லாந்து படுத்திருக்கா, ஒரு கை தூரத்துல மைனா படுத்திருக்கா. மைனாவே "ட்ர்ர்ர்ர்"னு இழுக்கிறா, அந்தப் பொண்ணும் மெதுவா கூடவே இழுக்குது. என் மெஷின்! யார்கிட்ட கேட்டு எடுத்தா? அதுலயும் கடைசி "டக்"கை விட்டுட்டா. மைனா தலையைத் திருப்பி அவ வாயைப் பார்த்து, நல்லா நிறுத்தி, "டக்"னு சொல்லிக் குடுக்கிறா. எனக்கு அவ இதுவரைக்கும் ஒண்ணுமே சொல்லிக் குடுத்ததில்லை. எல்லாம் எனக்கே தெரியும்னு நினைச்சிருப்பா.

அதனால நான் முடிவா சொல்றது என்னன்னா, பிள்ளை வீட்டுலயே இருக்கட்டும். எட்டாவது வரைக்கும் படிச்சவ நான். எழுத்து வரும், கூட்டல் வரும், கடன் வாங்காத கழித்தலும் வரும். படம்தானே, நானும் வரைவேன், நேத்து தம்ளர் வரைஞ்சேன். உன் வீட்டுக்காரி அதைப் பார்த்துட்டு, "இது என்ன அண்ணி, கிணறா?"ன்னா. பழகினா வந்துடும். நீ ஒரு வார்த்தை, "யோசிச்சுப் பாக்கலாம்"னு எழுதினா போதும், மாசம் முடிஞ்சுடும்.

மற்றபடி வேளாவேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு மேல்தளத்தில் நிற்காதே. உன்னோடு வேலை செய்கிற சமையல்காரருக்கும், இருமல் வந்த அந்த கேப்டனுக்கும் என் விசாரிப்பைச் சொல். காற்றும் தண்ணீரும் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க ஆண்டவன் துணை.

இப்படிக்கு,
உன் நன்மையை மட்டுமே நினைக்கும்
அக்கா

பின்குறிப்பு: கையெழுத்துப் போடு. மூணு இடத்துல பென்சிலால புள்ளி வச்சிருக்கேன், ஒண்ணு விட்டாலும் திருப்பி அனுப்பிடுவாங்களாம். ஆறாம் பக்கத்துல "தெரியாது"வை அடிச்சுட்டு ஒழுங்கா எழுதிட்டேன். அவன் குடுத்த ரெண்டு கோடு பத்தலை, தனித்தாள் பதினொண்ணு பின் பண்ணியிருக்கேன், உதறிடாதே. அப்படின்னா மேல எழுதினதைக் கிழிச்சுப் போட்டிருக்கலாமேன்னு கேப்ப. உக்காந்து கை வலிக்க எழுதினதுடா, மனசு வரலை. படிச்சுட்டு நீ கிழிச்சுடு, உன் வீட்டுக்காரி கண்ணுல மட்டும் படக் கூடாது.

தபாலாபீஸ் ரெண்டு நாள் லீவு, கவரு ஒட்டாம கிடந்துச்சு. இன்னைக்குக் காலையில அவ ராத்திரி வேலை முடிஞ்சு தூங்குறா, நான் துணி மடிச்சுட்டிருக்கேன். மைனா வந்து நின்னா. தானா ஷூ போட்டிருக்கா, கால் மாத்தி. முதுகுல பை. ஸ்கூலும் லீவு, சொன்னா அவளுக்குப் புரியுமோ என்னமோ. என் கையை எடுத்தா. இழுத்துட்டுப் போய்க் கதவுத் தாழ்ப்பாள் மேல வச்சா. வச்சுட்டு என்னைப் பார்த்தா. அவ யாரையும் அப்படி நேரா பாக்கிறவ இல்லைன்னு உனக்குத் தெரியும்.

கதவைத் திறந்தேன். ஷூவைக் கூட மாத்திப் போட விடலை. பூட்டின ஸ்கூல் கேட்டு வரைக்கும் நடந்து போய், அதைத் தொட்டுப் பார்த்துட்டுத் திரும்பி வந்தோம். எப்பவும் நான்தான் முன்னாடி, அவளை இழுத்துக்கிட்டு. இன்னைக்கு அவ முன்னாடி போனா, நான் மூட்டைப் பிடிச்சுக்கிட்டு பின்னாலயே ஓடினேன்.

சீக்கிரம் போட்டு அனுப்புடா.