சீதேவியின் பின்பெட்டி

முழங்கை வரை உள்ளே போய்விட்டது.

காரின் பின்பெட்டிக்குள் குனிந்து எலுமிச்சைத் தோலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான் நகுலன். கொஞ்சம் அழுத்தினான், அவ்வளவுதான். பொரித்த அப்பளத்தைக் குத்தியதுபோல் ஒரு சத்தம். அவனுடைய கை காரைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கி, வாசல் சிமெண்டைத் தொட்டுக் கும்பிட்டது.

"இஞ்சாருங்கோ, என்ன சத்தம்?" உள்ளேயிருந்து மனைவி ஜனகா கேட்டாள்.

"ஒண்டுமில்லை! அப்பளம்!"

"காருக்குள்ளயோ?"

கார் அவனுடையதல்ல. மாமனார் கனகரட்ணத்தினுடையது. நகுலனைவிட வயதில் மூத்த வெள்ளைக் கார். வீட்டில் அதற்குப் பெயர் சீதேவி. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற மாமனார், கோயில் திருவிழாவுக்கு மலாக்காவிலிருந்து யாழ்ப்பாணம் புறப்படும்போது ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார்: "தம்பி, எஞ்சினை மட்டும் சூடாக்கி வையும். பின்பெட்டியைத் திறக்கவே வேண்டாம்."

நகுலன் திறந்தான். திறந்தது போதாதென்று, முந்தின நாள் மீன்பிடி ஊரான கோலா சுங்கை பாருவுக்கே ஓட்டிப்போய், நண்டும் மீனும் வாங்கி அதற்குள் வைத்தான். கூட்டாளி வீட்டில் சமைக்கச் சொல்லி ஒரு பிடி பிடித்தான். வழியில் பை ஒழுகியது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. மலாக்கா மாநிலத்துப் பூனைகளில் பாதி வாசலில் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அந்த வீட்டில் மீன் என்றால் கொலைக்கு அடுத்தபடி. முட்டை போட்ட கேக் தெருவில் போனாலே கனகரட்ணம் வாசலுக்கு மஞ்சள்தண்ணீர் தெளிப்பார். ஞாயிறுதோறும் சீதேவியில் தனியாகக் கிளம்பிக் கடலோரத்தில் தியானம் செய்துவிட்டு, முகமெல்லாம் ஒளியாகத் திரும்புவார். வந்ததும் பின்பெட்டிக்குச் சாம்பிராணி போடுவார். வாகனமும் தெய்வம்தானாம். அப்பேர்ப்பட்டவருக்கு, "மாப்பிள்ளை சுத்த சைவம்" என்று சத்தியம் செய்துதான் ஜனகாவைக் கட்டிக்கொண்டான் நகுலன். குட்டு உடைந்தால் அவனுடைய பெட்டி படுக்கை வீட்டுக்கு வெளியே 'புக்கிட் காத்தில்' சாலையில் கிடக்கும். பக்கத்தில் அவனும் கிடப்பான்.

வியர்த்துப்போய், ஓட்டையின்மேல் ஒரு பலகையைப் போட்டான். பலகையின்மேல் உபரி டயரை ஏற்றினான். ஓட்டையை அடைக்கப் பசை வாங்கலாம் என்று காரை எடுத்தான்.

சமிக்ஞை விளக்கில் பிரேக் போட்டபோது பின்னால் 'தடால்'. அடுத்து ஒரு டயர் அவனுக்குப் பக்கத்தில் தனியாக உருண்டு வந்தது. 'யாருடையதோ, பாவம்' என்று நினைத்தான். அது அவனை முந்தி, சிவப்பு விளக்கைச் சட்டைசெய்யாமல் கடந்து, நாசி லெமாக் சோற்றுக்கடை வாசலில் போய் வாடிக்கையாளர்போல் சாய்ந்து நின்றது.

அதன் முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. இறங்கிப் பின்னால் போய்த் திறந்து பார்த்தான். பின்பெட்டிக்குள் தார்ச்சாலை தெரிந்தது.

பட்டறையில், காருக்குத் தகரம் தட்டும் முனியாண்டி சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார்.

"பாஸ், இது தகடு இல்லலா. பிஸ்கட்டு."

"சின்னதா ஒரு ஒட்டுப் போடேலாதோ?"

"எதுல பாஸ் ஒட்டுறது? ஒட்டுறதுக்கும் கொஞ்சம் இரும்பு வேணும்ல?"

இன்னொரு தட்டு. பின்பக்கத் தகடு மொத்தமும் கழன்றது. தாங்கிப் பிடிக்கப் போன நகுலன், பம்பரை மடியில் வைத்தபடி கீழே உட்கார்ந்தான்.

"உப்புத்தண்ணி... ஒரே ராத்திரியில இரும்பைத் தின்னுமோ?" என்றான்.

"உப்பு சும்மா விடுமா பாஸ்? அரக்கன்லா அது!" முனியாண்டி ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தார். "ஆனா கூத்தா இருக்கு. இந்தத் தரைத் தகடு கம்பெனி போட்டது இல்ல. யாரோ முன்னமே மாத்தியிருக்காங்க. நடுவுல வட்டமா ஓட்ட வேற."

நகுலனுக்கு அப்போது எல்லா ஓட்டையும் ஒன்றுதான்.

"பயப்படாதீங்க. என் வீட்டுக்காரி பவானேஸ்வரிதான் வெல்டிங். அவ அப்பா வெச்ச பட்டறை இது, நான் கட்டிக்கிட்டு வந்தவன். மூவாருக்குப் போயிருக்கா, காலையில வந்துருவா."

மறுநாள் பழைய சாமான் கடையில் தகடு கிடைத்தது. ரத்தச் சிவப்பு. காலையில் வந்த பவானேஸ்வரி யாரோடும் பேசாமல், முகமூடியை மாட்டிக்கொண்டு மூலையில் தகட்டின்மேல் பொறி பறக்கவிட்டாள். அப்போதுதான் ஜனகா போன் செய்தாள்.

"அப்பா சொன்ன நாளுக்கு முன்னமே வந்திட்டார். கார் எங்கை எண்டு கேட்டார். பட்டறையில எண்டு சொன்னன். டாக்சியில வாறார்."

"ஏன் சொன்னனீர்?"

"அப்பாக்குப் பொய் பிடிக்காதெல்லோ!"

நகுலன் ஓட நினைத்தான். பட்டறை வாசல் வரைதான் போனான். டயர் மட்டும்தான் அந்தக் குடும்பத்தில் தைரியசாலி.

டாக்சி வந்து நின்றது. நெற்றி நிறைய விபூதியோடு இறங்கிய கனகரட்ணம், பின்பாதி இல்லாத சீதேவியைப் பார்த்தார். விபூதி எது, முகம் எது என்று தெரியாமல் வெளுத்தார். தூணைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி... பின்பெட்டியைத் திறந்தனீரோ?"

குரல் நடுங்கியது. கோபத்தில்தான் நடுங்குகிறது என்று நகுலன் முடிவு செய்தான்.

"ஓம் மாமா."

"உள்ளுக்கு... ஏதும் மணந்ததோ?"

தெரிந்துவிட்டது! எல்லாம் தெரிந்துவிட்டது! மாமனாருக்கு ஞானதிருஷ்டி, இத்தனை ஞாயிற்றுக்கிழமைத் தியானம் வீணாகுமா? நகுலன் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தான். கிரீஸ் நெற்றியில் அப்பியது.

"மாமா, என்னை மன்னியுங்கோ. அந்தப் பெட்டிக்குள்ள நான் ஒரு—"

மூலையில் பொறி நின்றது. பவானேஸ்வரி முகமூடியைத் தூக்கினாள். வந்தவரைக் கண்டதும் வாயெல்லாம் பல்லானாள்.

"அட, நம்ம கிராணி ஐயா! போன தடவ மாதிரியே இந்தத் தகட்டுலயும் மீன் தண்ணி வடிய நடுவுல ஓட்ட போட்டுரவா?"