பானெட்டுக்கு நானே அடித்த சாயம்

மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதன்பிறகு எனக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. லாரி ஓட்ட நானே கற்றேன். என்ஜினைக் கழற்றி மாட்டவும் நானே கற்றேன் (கடைசியில் இரண்டு நட்டு மிஞ்சும், ஆனால் வண்டி ஓடும்). இன்றைக்கு ஐந்து லாரிக்கு முதலாளி. இவ்வளவு பேசுகிற எனக்கும் கைவராத வேலை ஒன்று உண்டு. போன மாதம் என் கடைசி மகன் தன் காருக்குக் கார்பன் ஃபைபர் பானெட் (என்ஜினுக்கு மேல் மூடி) வாங்கி வந்து, சாயத்தைத் தானே அடிக்கலாமா, கடையில் கொடுக்கலாமா என்று கேட்டான். வீடே திரும்பி என்னைப் பார்த்தது. இனி மறைத்துப் பயனில்லை, நானே எழுதிவிடுகிறேன்.

அது எண்பதுகளின் தொடக்கம். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லாரி டிரைவராக இருந்தேன். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் சொந்தமாகக் காடி (காரைத்தான் நாங்கள் காடி என்போம்) வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். ஏற்கெனவே நாலு பேர் ஓட்டி ஓய்ந்த நீலக் காடி. என் கண்ணுக்கு அது தேர்.

அந்தத் தேரை நம்பித்தான் டீமேக்கர் சின்னையாவின் மகள் சரோஜாவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினேன். ஆலைக்குள் இலை வாடுவது முதல் தூளாவது வரை டீமேக்கர் மூக்கு சொல்வதுதான் சட்டம். அவர் முகர்ந்து தலையாட்டிய பிறகுதான் தோட்டத்து மேலாளரான துரையே கோப்பையைத் தொடுவார். அப்படிப்பட்டவர் லயத்து டிரைவருக்குப் பெண் கொடுப்பாரா? "சொந்தக் காடி வச்சிருக்காராமே. ஞாயித்துக்கிழமை அதுலயே வரட்டும், பாப்போம்" என்று பதில் வந்தது. என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிடம்.

அந்த வாரம் பார்த்து மரக்கிளை முறிந்து விழுந்து காடியின் பானெட் நசுங்கியது. ஈப்போவில் பந்தயப் பைத்தியம் பிடித்த நண்பன் ஒருவன், இதே ரகக் காடியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த ஃபைபர் பானெட்டைக் கொடுத்தான். ஒரு கையால் தூக்கலாம், அவ்வளவு லேசு. ஆனால் நிறம் கறுப்பு. உடம்பு நீலம், முகம் கறுப்பு என்று எவனாவது பெண் பார்க்கப் போவானா?

வியாழக்கிழமை, தானா ராத்தா டவுனில் காடிக்குச் சாயம் அடிக்கும் சீனத் தவுக்கேயிடம் (கடை முதலாளியை அப்படித்தான் அழைப்போம்) லாரியில் கொண்டுபோனேன். தட்டினார், தடவினார், வெளியே பனியைப் பார்த்தார். தேய்க்க வேண்டும், அடிச்சாயம் பூச வேண்டும், இந்த ஈரத்தில் காய வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார். என் லாரியின் பின்பலகைக்கு நானே சாயம் அடித்தவன் என்பதை அவருக்குத் தெரிவித்தேன். தவுக்கே எட்டி அந்தப் பலகையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். (பொறாமை என்று நினைத்தேன்.)

வழவழவென்று இருப்பதை எதற்குத் தேய்ப்பது? சனிக்கிழமை காலை தின்னரைத் தாராளமாக ஊற்றிக் கலக்கி, லயத்துக்கு முன்னால் வைத்து மூன்று பூச்சுப் பூசினேன். பனி இறங்கியது. நீலம் பால் கலந்த மாதிரி வெளுத்தது. மத்தியானம் தொட்டுப் பார்த்தால் சாயம் விரலோடு வந்தது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. இந்த மலையில் எப்போதும் சூடாக இருக்கும் இடம் ஒன்று உண்டே, தேயிலை ஆலை!

பாய்லர் பார்க்கும் ஆறுமுகம் என் கூட்டாளி. டீமேக்கர் பிரிஞ்சாங் டவுனுக்குப் போயிருந்தார் (மறுநாள் எனக்குப் பலகாரம் செய்யச் சாமான் வாங்கத்தான்). வாடப் போட்டிருந்த பச்சை இலைக்குப் பக்கத்தில், சூடான காற்று வரும் வழியில் பானெட்டைச் சாத்தினேன். அங்கேயே இன்னொரு பூச்சும் கொடுத்தேன். முன்னால் மூட்டைகளை அடுக்கி மறைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை ஆறுமுகம் பின்வாசல் வழியாக அதை எடுத்துத் தந்தான். அவன் முகம் சரியில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. சாயம் காய்ந்திருந்தது, அதில் குறையில்லை. ஆனால் ஆலையில் பறக்கிற தூளும் தேயிலைப் பஞ்சும் அது காயும் முன்பே வந்து குடியேறிவிட்டன. காடியில் ஏற வந்த என் அக்கா நின்று பார்த்தாள்.

"ஏன்டா, ஒன் காடிக்கு முடி மொளைச்சிருக்கு?"

"இப்ப இதான்க்கா பேஷன்."

டீமேக்கர் வாசலில் நின்றிருந்தார். நேரே பானெட்டுக்குப் போய் நகத்தால் சுரண்டி, மூக்கருகே கொண்டுபோனார். பிறகுதான் எங்களை உட்காரச் சொன்னார். சரோஜா டீ கொண்டுவந்தாள். பெண் பார்க்கப் போனவன் பெண்ணைப் பார்க்க வேண்டும். எனக்குக் கோப்பை மட்டும்தான் தெரிந்தது. அதிலிருந்து தின்னர் வாசம் ஆளைத் தூக்கியது.

"நேத்து வாடப் போட்ட எலை, இன்னிக்குக் காலையில தூளாச்சு," என்றார் டீமேக்கர். "குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க தம்பி."

ஒரு வாய் குடித்தேன். "நல்லாருக்குங்க."

"இன்னும் குடிங்க."

பாதிக் கோப்பை இறங்கியது. கண்ணில் நீர் வந்தது. (இன்றும் பெட்ரோல் நிலையத்தில் நின்றால் அந்த ருசி நாக்குக்கு வரும்.)

"ஒரு நாள் எலை மொத்தமும் இப்படித்தான் போச்சு," என்றார். "நாளைக்கு ஆறுமுகத்த வேலைய விட்டு நிறுத்தப்போறாரு துரை. அவன் வாயத் தொறக்க மாட்டேங்கிறான்."

சொன்னால் பெண் போச்சு, லாரியும் போச்சு. சொல்லாவிட்டால் ஆறுமுகத்தின் அடுப்பு அணைந்தது.

"நான்தாங்க," என்றேன். "சாயம் காய வச்சேன். அவன் மேல தப்பில்ல." சொன்ன பதற்றத்தில் கோப்பையை எடுத்து மீதியையும் குடிக்கத் தொடங்கினேன்.

கதவோரத்திலிருந்து சரோஜாவின் குரல் வந்தது. "போதும்லாப்பா. அவரு குடிச்சே செத்துருவாரு."

டீமேக்கர் சிரிக்கவில்லை. "இதையே நாளைக்குத் துரைகிட்டயும் சொல்லுங்க. மத்தத அப்புறம் பேசலாம்."

சொன்னேன். ஆறுமுகம் தப்பினான். துரை என்னை லாரியிலிருந்து இறக்கி, ஆறு மாதம் உரமூட்டை சுமக்க விட்டார். பானெட் தவுக்கேயிடம் போனது. என் பூச்சைச் சுரண்டி எடுக்கவே அவருக்கு ஒரு வாரம் ஆனது. அப்போதும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். தை மாதம் கல்யாணம்.

பல வருடம் கழித்து, எங்கள் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் காடியில் வந்து இறங்கினார்கள். நான் கைகூப்பி நின்றேன். சரோஜா அவர்களைத் தாண்டிப் போய், குனிந்து, அந்தக் காடியின் பானெட்டை நன்றாக மோந்து பார்த்தாள். பிறகு எல்லார் காதிலும் விழும்படி என்னிடம் சொன்னாள்.

"கடையில அடிச்சதுதாங்க. உள்ள வரச் சொல்லுங்க."