வெளிச்சவீட்டுப் பூனையின் குடை

"எத்தனை தரம்?" என்று கேட்டார் பெண்ணின் தகப்பன் தில்லைநாதன்.

சிவமணியின் வாயில் பாதி வடை இருந்தது, மற்றப் பாதி கையில். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பெண் பார்க்க வருகிறவனிடம் சம்பளத்தைக் கேட்பார்கள், ஊரில் எந்தப் பகுதி என்று கேட்பார்கள், கனடாவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை.

"வெளிச்சவீட்டு கேமைச் சொல்லுறன். எத்தனை தரம் விளையாடினனீர்?"

பக்கத்தில் இருந்த தரகர் பாலசுந்தரம் சிவமணியின் காலை மெதுவாக மிதித்தார். வரும் வழியில் பஸ்ஸிலேயே பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"தம்பி, அந்த மனுசனுக்குச் சீதனத்தைப் பற்றியும் கவலையில்லை, செவ்வாய் எங்கை நிக்குது எண்டும் கவலையில்லை. கொம்பியூட்டரில ஒரு பழைய விளையாட்டு, அதிலைதான் பைத்தியம். உமக்கு முன்னாலை நாலு மாப்பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போனனான். நாலு பேரும் ஒரே பாட்டுத்தான். 'ஒருக்கா விளையாடி முடிச்சாச்சு, முடிவு தெரிஞ்சதை ஏன் திரும்ப விளையாடுவான்?' தேத்தண்ணி வர முதலே அனுப்பிப்போட்டார். ஒருக்கா எண்டு மட்டும் வாய் தவறிச் சொல்லிப்போடாதையும்!"

சிவமணி அந்த விளையாட்டை ஒரு தரம்கூட விளையாடியதில்லை. கண்ணால் கண்டதும் இல்லை. உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்றுதான் நினைத்தான். அந்த நேரம் பார்த்து ஜெகதீஸ்வரி தேநீர்த் தட்டோடு வந்தாள். கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண், அடக்கமாக இருப்பாள் என்று சொல்லியிருந்தார்கள். தட்டை நீட்டியவள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "வடையை விழுங்கிப்போட்டு ஆறுதலாச் சொல்லுங்கோ. அப்பா எங்கையும் ஓடமாட்டார்" என்றாள்.

விழுங்கினான். வடையோடு சேர்ந்து உள்ளதும் உள்ளே போய்விட்டது. இந்தப் பெண் இல்லாமல் இனி ஒரு தேநீரும் இறங்காது என்று அந்தக் கணத்திலேயே அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

"மூண்டு தரம், அங்கிள்."

தில்லைநாதன் கதிரையை விட்டு எழுந்தேவிட்டார்.

"மூண்டு! ஜெகா, கேட்டியே? மூண்டு தரமாம்!" கதிரையைச் சிவமணியின் பக்கமாக இழுத்துப் போட்டார். "தம்பி, இந்தக் கொழும்பில என்னோட கதைக்க ஒரு மனுசர் இல்லை. முதல் தரம் விளையாடேக்கை கதவுப் பூட்டின்ர திறப்பைத் தேடித்தானே ஓடுவம்? திறப்புக் கிடந்த மேசையைப் பார்க்கிறேல்லை. இரண்டாந் தரம்தான் மேசை தெரியும். மூண்டாந் தரம், மேசையில படிஞ்சிருக்கிற தூசு தெரியும். என்ன சொல்லுறீர்?"

"தூசு... ஓம் அங்கிள். நல்ல தூசு."

"வாற ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வாரும். முடிவைப் பற்றி விரிவாக் கதைப்பம்!"

காலி வீதிக்கு வந்ததும் தரகர் அவன் முதுகில் தட்டினார். "கெட்டிக்காரன்! மூண்டு எண்டு சொன்னீரே, அதுதான் அடி!"

"அண்ணை, எனக்கு அது என்ன விளையாட்டெண்டே தெரியாது."

தட்டிய கை முதுகிலேயே நின்றுவிட்டது.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் சிவமணி பலீலின் கடைக்கு ஓடினான். வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட, ஒரு பக்கம் வீடியோக் கசெட் வாடகைக்கு, மறு பக்கம் கொம்பியூட்டர் விளையாட்டுக் கொப்பி என்று இரண்டு வியாபாரத்தை ஓர் அலுமாரி அகலத்துக்குள் நடத்துகிற மனிதர் பலீல். 'நானா', அதாவது அண்ணா, என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். 

"வெளிச்சவீடா? அருமையான கேம் தம்பி. பழசு, ஆனா இன்னும் போகுது. இந்தப் பக்கத்தில எல்லாருக்கும் நான்தான் கொப்பி பண்ணிக் குடுத்தீக்கன். முடிவு சுப்பராம், எல்லாரும் செல்லுறாங்க" என்று ஒரு கட்டுப் பிளொப்பி டிஸ்க்குகளை இறப்பர் வளையம் போட்டு நீட்டினார்.

அதைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியவனுக்குக் கோட்டைக்கு முன்னால் இருக்கும் சோதனைச் சாவடி நினைவில் இல்லை. எல்லோரும் இறங்க வேண்டும். அடையாள அட்டையைப் பார்த்த இராணுவச் சிப்பாய் பை வீங்கியிருப்பதையும் பார்த்தான். டிஸ்க்குகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப்பட்டன.

"மே மொனவாத?" இதெல்லாம் என்ன என்று கேட்கிறான்.

"கேம் எகக், மஹத்தயா." விளையாட்டுத்தான் ஐயா என்று விளக்குவதற்குள் சிவமணியின் சட்டை நனைந்துவிட்டது.

சிப்பாயின் முகம் மெல்ல மலர்ந்தது. "கேம் எகக்த? இவரத?" முடித்துவிட்டாயா என்று கேட்கிறான்.

"ஓவ். இவரய்."

தமிழில் சொன்ன பொய்யைச் சிங்களத்திலும் சொல்லியாயிற்று. இனித் திரும்பிப் போக வழியில்லை.

வீட்டில் கொம்பியூட்டர் கிடையாது. ஆகவே தான் வேலை பார்க்கும் கப்பல் முகவர் அலுவலகத்தில், எல்லோரும் போன பிறகு, மானேஜரின் இயந்திரத்தில் விளையாடினான். கதை இதுதான்: ஒரு தீவில் வெளிச்சவீடு அணைந்துவிட்டது. கடிதம் கொடுக்க வந்த தபால்காரர் ஒருவர் அதை ஏற்றிவைக்க வேண்டும். மவுஸை எடுத்துக் கண்டதையெல்லாம் அழுத்த வேண்டும். எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்துப் பையில் போட வேண்டும். காணும் ஆட்கள் அத்தனை பேரிடமும், பேச இருக்கிறதையெல்லாம் பேசித் தீர்க்க வேண்டும்.

புதன்கிழமையளவில் அது அவனுக்குப் பழகிவிட்டது. கொஞ்சம் அளவுக்கு மீறியே பழகிவிட்டது. அலுவலகத்தில் யாருடைய மேசையில் எது கிடந்தாலும் கை தானாகப் போய் எடுத்தது. மானேஜர் தன் காதில் விடும் மருந்துப் போத்தலைத் தேடினார். அது சிவமணியின் பையில், ஒரு கதவுப் பிடிக்கும் அரைத் துண்டு மெழுகுதிரிக்கும் நடுவில் இருந்தது.

"சிவமணி, இதை ஏன் எடுத்தனீர்?"

"பிறகு தேவைப்படும் எண்டு, சேர்."

மானேஜர் அவனை இரண்டு நாள் வீட்டில் நின்று ஓய்வெடுக்கச் சொன்னார். விளையாட இருந்த ஒரே இயந்திரமும் போயிற்று.

வீட்டில் நின்றவன் தாயிடம், "அம்மா, இந்த அலுமாரிக்குப் பின்னால என்ன இருக்கு?" என்றான்.

"சுவர்."

"சுவரைப் பற்றி வேற என்ன சொல்லுவீங்கள்?"

தாய் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு ஒரு மெழுகுதிரியும், பக்கத்துப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் நேர்ந்துகொண்டார். எந்தப் பக்கத்திலிருந்து உதவி வந்தாலும் சரி என்ற நிலைமை.

சனிக்கிழமை தரகர் பாலசுந்தரம் யாரையோ கெஞ்சி, கொலன்னாவையில் தன் மருமகன் வீட்டு இயந்திரத்தைப் பிடித்துக் கொடுத்தார். மீன்காரியிடம் படகு வாங்கி, பாதிரியாரிடம் எண்ணெய் வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தபால்காரரை வெளிச்சவீட்டின் உச்சிவரை ஏற்றினான் சிவமணி. உச்சியில் ஒரு கதவு. அதற்குப் பின்னால்தான் எல்லாம். கைப்பிடியை அழுத்தினான்.

திரை கறுத்தது. 'ஏழாவது டிஸ்க்கைப் போடவும்' என்றது.

கட்டைப் பிரித்துப் பார்த்தான். ஆறுதான் இருந்தது. மேசைக்குக் கீழே பார்த்தான், சப்பாத்துக்குள் பார்த்தான், மருமகனின் மனைவி எழும்பியபிறகு அவள் இருந்த கதிரையிலும் பார்த்தான்.

"செக்பொயின்ற்றில விழுந்திட்டுது!" என்று தலையில் கையை வைத்தான். பலீலிடம் ஓடலாமென்றால் கடை பூட்டியாயிற்று, ஞாயிறும் திறக்காது.

"பயப்பிடாதையும்" என்றார் தரகர். "முடிவைப் பற்றிக் கேட்டால், 'வார்த்தையில சொல்ல ஏலாது' எண்டு சொல்லிப்போட்டு மேல பாரும். படிச்ச ஆக்கள் எல்லாம் அப்பிடித்தான் செய்யிறவை."

ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு மணம் வாசலைத் தாண்டித் தெரு ஒழுங்கை வரை வந்திருந்தது. ஆனால் சாப்பாட்டுக்கு முதல் தில்லைநாதன் சிவமணியையும் தரகரையும் முன்னறையில் உட்கார வைத்துவிட்டார். மூலையில் துணி போர்த்திய கொம்பியூட்டர், நாலாவது ஆளைப் போல இருந்தது.

"சொல்லும் தம்பி. முடிவைப் பற்றி உம்மட அபிப்பிராயம் என்ன? நீர் முதல்ல சொல்லும்."

"வார்த்தையில சொல்ல ஏலாது, அங்கிள்" என்று சிவமணி மேலே பார்த்தான்.

தில்லைநாதன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அதேதான்! நானும் அதைத்தான் சொல்லுறனான்! வார்த்தையில சொல்ல ஏலாது!"

இருவரும் சேர்ந்து மேலே பார்த்தார்கள். மின்விசிறி சுழன்றது. சிவமணிக்கு உயிர் வந்தது. இத்தோடு முடிந்திருக்கும், ஆனால் தண்ணீர்ச் செம்போடு ஜெகதீஸ்வரி வந்து கதவோரம் சாய்ந்து நின்றாள்.

"நான் திரும்பத் திரும்ப விளையாடுறது முடிவுக்காக இல்லை" என்றாள். "அந்த மீன்காரிட்டப் போய்க் கதைக்கத்தான். அவ சொல்லுறது முழுக்கப் பொய். முதல் தரம் கோவம் வரும். அடுத்த தரம்தான், பாவம், ஏன் சொல்லுறா எண்டு விளங்கும். பிறகு அவவிலை ஒரு விருப்பமே வந்திடும்." கொஞ்சம் நிறுத்திச் சிவமணியைப் பார்த்தாள். "ஆனால் முடிவும் நல்லதுதான். கதவைத் திறந்த உடன அந்தப் பூனை திரும்பிப் பார்க்குமே, ஒரு பார்வை!"

பூனையா? சிவமணி அந்தத் தீவில் ஒரு பூனையையும் காணவில்லை.

"பூனை!" என்று கூவினான். "ஐயோ, அந்தப் பூனை!"

"பூனை..." என்று இழுத்த தில்லைநாதன் திடீரென்று தொடையில் தட்டினார். "ஓம் ஓம், பூனை! நான் அழுதிட்டன் தம்பி."

"நானும்தான் அங்கிள். மூண்டு தரமும்."

"கையில குடையோட நிக்குமே" என்றாள் ஜெகதீஸ்வரி. "அந்தக் குடை என்ன நிறம்? எனக்கு மறந்துபோச்சு."

"சிவப்பு" என்றார் தில்லைநாதன்.

"கறுப்பு" என்றான் சிவமணி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. தரகர் வாழைப்பழம் ஒன்றை உரித்தவர், உண்ணாமல் வைத்திருந்தார்.

மூன்று தரம் விளையாடியவன் நிறத்தை மறக்க முடியாது. விளையாட்டையே வேதமாகக் கொண்டவரும் மறக்க முடியாது. 

"தம்பி, வடிவா யோசிச்சுப் பாரும். சிவப்பு."

"யோசிச்சுத்தான் சொல்லுறன் அங்கிள். கறுப்பு. பிடி மட்டும்... மரம்."

"பிடி மரம்தான், ஆர் இல்லையெண்டது? துணி சிவப்பு!"

"மழையில நனைஞ்சு மினுங்கும், கறுப்பாத்தான் மினுங்கும்!"

"எனக்குப் படிப்பிக்கிறீரோ? மூண்டு தரமும் கண்ணை மூடிக்கொண்டே விளையாடினனீர்?"

"அண்ணை, குழம்பு ஆறுது..." என்று தரகர் குறுக்கே வந்தார்.

"ஆறட்டும்! ஒரு குடையைச் சரியாப் பார்க்காதவன் என்ர பிள்ளையை எப்பிடிப் பார்ப்பான்?"

சிவமணி மனதுக்குள் கணக்குப் போட்டான். சிவப்பு என்று ஒப்புக்கொண்டால் பொய்யன், கறுப்பு என்று நின்றால் பிடிவாதக்காரன். இரண்டு வழியிலும் ஜெகதீஸ்வரி தூரத் தூரப் போய்க்கொண்டிருந்தாள். அவளோ, எரிகிற நெருப்பில் இன்னும் ஒரு விறகை வைத்தாள்.

"ஏன் சண்டை அப்பா? கொம்பியூட்டரைப் போட்டுப் பார்த்தால் முடிஞ்சுது."

சிவமணி வெளிறிப்போனான். தன்னுடைய கலக்கத்தில், தில்லைநாதனும் வெளிறிப்போனதை அவன் கவனிக்கவில்லை.

"இப்ப என்னத்துக்குப் பிள்ளை, சாப்பாட்டு நேரத்தில..."

"ஓம் ஓம், அங்கிள் சொல்லுறது சரி."

"அஞ்சு நிமிச வேலை அப்பா" என்று அவள் துணியை எடுத்துவிட்டாள். விரல் பொத்தானுக்குப் போயிற்று. சிவமணி கண்ணை மூடிக்கொண்டான்.

மின்விசிறி தயங்கித் தயங்கி நின்றது. ஒழுங்கை முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. மழை பொய்த்த அந்த வருடத்தில் நாள்தோறும் வருகிற மின்வெட்டு, ஒரு நாளாவது சரியான நேரத்துக்கு வந்துவிட்டது.

"அடடா, கரண்ட் போச்சே!" என்றார் தில்லைநாதன். லொத்தர்ச் சீட்டில் பரிசு விழுந்தவர்தான் அப்படிச் சொல்லியிருப்பார்.

"அநியாயம் அங்கிள்!" என்றான் சிவமணி, முகமெல்லாம் சிரிப்பு.

ஜெகதீஸ்வரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துணியை எடுத்துக் கொம்பியூட்டரை மறுபடி போர்த்திவிட்டாள்.

"அப்பா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு."

"குடை?"

"குடை எந்த நிறமெண்டால் என்ன? ரெண்டு பேருக்கும் பூனையைத் தெரிஞ்சிருக்கு. அதுவே போதும்."

தில்லைநாதன் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். பிறகு, "மரப்பிடி எண்டதைச் சரியாச் சொன்னவர்தான்" என்று இறங்கிவந்தார். தரகர் பாலசுந்தரம் கடைசியில் அந்த வாழைப்பழத்தைச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை பலீல் கடை திறக்கும்போதே சிவமணி வாசலில் நின்றான். கலியாணத்துக்கு முதல் அந்த முடிவைப் பார்த்துவிட வேண்டும். மாமனாரோடு வாழ்நாள் முழுவதும் குடைக்குள் நிற்க முடியாது.

"நானா, வெளிச்சவீட்டு கேமில ஏழாவது டிஸ்க் துலைஞ்சுபோச்சு. இன்னொரு கொப்பி தாங்கோ. ஒரு பூனை, குடையோட வருமே, அந்த இடம்."

பலீல் அவனை விநோதமாகப் பார்த்தார்.

"துலையல்ல தம்பி. வெளிநாட்டில இருந்து எனக்கு வந்ததே ஆறுதான். இந்தக் கொழும்பில அந்த முடிவைப் பார்த்த மனிசர் ஒருத்தருமே இல்ல. ஒருக்கா முடிச்சன், அஞ்சுதரம் முடிச்சன் எண்டு பெருமையடிக்கத்தான் வாறாங்க. ஏழாவது எங்க எண்டு உங்களுக்கு முந்திக் கேட்டு வந்தது ஒரே ஒரு ஆள்தான், தில்லைநாதன் சேர்ட மகள். நான் இல்லை எண்டு செல்லவும் விழுந்து விழுந்து சிரிச்சிட்டு, 'நானா, இதை அப்பாட்ட மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ, பாவம்' எண்டாங்க."