சிவப்புக் காருக்குப் போட்ட மாலை

‘தெரியாது’ என்றொரு வார்த்தை தமிழில் இருப்பதே இருபத்தைந்து வயதுவரை எனக்குத் தெரியாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பதுவரை யார் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பேன். (அது சரியான பதிலா என்று விசாரிக்கும் வழக்கம் எங்கள் திருவொற்றியூர்த் தெருவில் கிடையாது.)

அண்ணன் தில்லி எனக்கு நேர்மாறு. எர்ணாவூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். அதிகம் பேசமாட்டான். பழைய கார் ஒன்றை வாங்கி, உள்ளே இருந்த சீட்டையெல்லாம் பிடுங்கி எறிந்து, அதை ரேஸ் வண்டியாக்கிக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில்தான் காசிமேட்டில் அவனுக்குப் பெண் பார்த்தோம். பெண் பெயர் செல்வி. அவளுடைய அப்பா வேலு மாமா மீன் ஏலம் விடுபவர். அவர் ரகசியம் பேசினாலே ராயபுரம்வரை கேட்கும். எல்லாருக்கும் எல்லாமே பிடித்துப்போனது. மாமாவுக்கு மட்டும் அந்த ரேஸ் உறுத்தியது.

“வண்டி ஓட்டத் தெரிஞ்சவனா, இல்ல சாவறதுக்குன்னே ஓட்றவனான்னு நான் கண்ணால பாக்கணும். அப்பாலதான் தேதி” என்று சொல்லிவிட்டார்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ரேஸ். அண்ணன் முந்தின நாளே வண்டியோடு கிளம்பிவிட்டான். பெண் வீட்டாரைக் கூட்டிப்போய் ரேஸை விளக்குவது என் பொறுப்பு. வீட்டிலிருந்து ஷெட்டுக்குக் கிளம்பும்போது அண்ணன், “டேய், வண்டிய பத்தி ஒண்ணு சொல்லணும்” என்றான். “எல்லாம் எனக்குத் தெரியும், நீ போ” என்றேன். கேபிள் டிவியில் நாலைந்து ரேஸ் பார்த்தவனுக்கு ஒரு மெக்கானிக் என்ன சொல்லிவிட முடியும்?

மாமா தன் மீன் வேனை ஃபினாயில் போட்டுக் கழுவிக் கொண்டுவந்தார். மீன் நாற்றமும் ஃபினாயில் நாற்றமும் சம பலத்தோடு மோதிக்கொண்டிருந்த அந்த வேனில் அம்மா, மாமா, செல்வி, நான். மாமாவின் மடியில் பெரிய ரோஜா மாலை. ஜெயித்தாலும் தோற்றாலும் மாப்பிள்ளைக்குப் போட வேண்டும் என்று வாங்கியதாம். “தோக்கறதா? பேச்சுக்கே எடமில்ல மாமா” என்றேன். கேலரியில் நாங்கள் போய் உட்கார்ந்ததும் முன்வரிசைக்காரர்கள் இரண்டு வரிசை தள்ளிப் போனார்கள். வேனின் வாசனை எங்களோடு இறங்கி வந்திருந்தது.

கார்கள் வந்து நின்றன. எல்லா ஓட்டுநர்களும் ஹெல்மெட்டுக்குள் இருந்தார்கள். அண்ணன் வண்டி சிவப்பு. நின்றவற்றில் சிவப்பு ஒன்றே ஒன்றுதான். “தோ, அதான் அண்ணன்” என்று கைகாட்டினேன்.

வண்டிகள் உறுமிக்கொண்டு கிளம்பின. ஒவ்வொரு சுற்றுக்கும் நான் விளக்கவுரை கொடுத்தேன். அம்மாவுக்கு வேறு கவலை.

“இன்னாடா, சுத்திகினே கீறானுங்க. எப்போ ஊருக்குப் போவானுங்க?”

“போறதில்லம்மா. சுத்தறதுதான் ரேஸு.”

“இதுக்கா இவன் சோறு தண்ணி இல்லாம கெடந்தான்?”

சிவப்புக் கார் மூன்றாவதாக இருந்தது, இரண்டாவதானது, பிறகு முன்னால் போனது. மாமா எழுந்துவிட்டார். ஏலக் குரலில், “வுடாத மாப்ள, வுடாத” என்று அவர் கத்தியதில் பக்கத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. நடுவில் ஒரு வெள்ளைக் கார் புகையைக் கக்கியபடி ஓரமாக நின்றது. “எவனோ பாவம், எஞ்சினைச் சரியாப் பாக்காம வந்துட்டான்” என்று விளக்கினேன். செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சிவப்புக் கார் ஜெயித்தது. கேலரிக் கதவைத் திறந்துவிட்டதும் மாலையோடு ஓடினோம். ஹெல்மெட்டைக் கழற்றியும் ஓட்டுநரின் முகத்தை வெள்ளைத் துணி உறை மூடியிருந்தது, கண் மட்டும் தெரிந்தது. மாமா பாய்ந்து மாலையைப் போட்டு, அவன் தோளில் கைபோட்டு, “எங்கூட்டு மாப்ள” என்று மைதானத்துக்கே அறிவித்தார். அங்கே நின்ற போட்டோக்காரரைக் கூப்பிட்டு எல்லாரையும் வரிசையில் நிறுத்தியவன் நான்தான். போட்டோவுக்காக அவன் துணியை உருவினான். மீசையில்லாத, நல்ல சிவந்த முகம்.

“ரொம்பச் சந்தோசங்க” என்றது அந்த முகம் கோயம்புத்தூர்த் தமிழில். “ஆனா, நீங்கெல்லாம் யாருங்க?”

அந்த நொடியில் ஃபிளாஷ் அடித்தது.

அண்ணன் முந்தின வாரமே வண்டிக்கு வெள்ளை பெயிண்ட் அடித்திருக்கிறான். செலவில் பாதி கொடுத்த பேட்டரிக் கடைக்காரர் வெள்ளைதான் வேண்டும் என்று கேட்டாராம். அவன் சொல்ல வந்தது அதைத்தான். ஓரத்தில் நின்ற ‘எவனோ பாவம்’ என்னுடன் பிறந்தவன்.

கோயம்புத்தூர்க்காரர் நல்ல மனிதர். மாலையைக் கழற்றி நீட்டினார். “வேணாம்பா. ஏலம் வுட்ட மீன நாங்க திருப்பி வாங்கறதில்ல” என்றார் மாமா. முகம் இறுகிவிட்டது. என் பக்கம் திரும்பவேயில்லை. “செல்வி, வண்டில ஏறு” என்றார்.

செல்வி அங்கே இல்லை. தூரத்தில், முகமெல்லாம் கரியோடு அண்ணன் தனியாகத் தள்ளிக்கொண்டு வந்த வெள்ளைக் காரின் பின்னால் கைவைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். “நைனா, ஆள் பத்தல. வந்து ஒரு கை புடி” என்று கூப்பிட்டாள்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். தள்ளியபடியே அண்ணனிடம், “புகை வந்த ஒடனே ஓரம் கட்டிட்ட இல்ல?” என்று கேட்டார். “ஆமா மாமா, பின்னால வர்றவனுக்கு ஆபத்து” என்றான் அண்ணன். வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் மாமா தேதி சொல்லிவிட்டார். மீஞ்சூரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது.

அன்றைக்கு ரேஸிலிருந்து திரும்பும் வழியில் செல்வியிடம் கேட்டேன், எப்படிக் கண்டுபிடித்தாள் என்று. “மொதல் சுத்துலயே அவரு எனக்குக் கை காட்டினாரே” என்றாள்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க அவ்ளோ விளக்கமா சொல்லிகினு இருந்தீங்க. நடுவுல பேசினா மரியாத இல்லன்னு வுட்டுட்டேன்.”

போட்டோவை அந்தக் கோயம்புத்தூர்க்காரரே விலாசம் வாங்கி அனுப்பிவைத்தார். மாமா திகைத்து நிற்கிறார், அம்மா வாயைப் பிளந்திருக்கிறாள், நான் ஒருவன் மட்டும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன். அண்ணி அதைக் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் ஆல்பம் வெளியே வரும். அண்ணன் மகள் சின்ன வயதில் ஒருநாள், மாலையோடு நிற்பது யார் என்று கேட்டாள்.

“அவரா?” என்றாள் அண்ணி, எனக்குக் காபியை நீட்டிக்கொண்டே. “உங்க சித்தப்பா எனக்குப் பார்த்த மாப்ள.”